மனிதமயத் துறையின் பூச்சட்டம்

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளை மனிதர்களாக நடத்துவதில்லை என்று புகார் வந்தது. நிர்வாகம் உடனே செயல்பட்டது. மனிதர்களாக நடத்துவதற்கென்று தனியாக ஒரு துறையைத் திறந்தது. அதன்பின் மற்றத் துறைகளுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

மனிதமயத் துறை மூன்றாம் மாடியில், கீமோ அறைக்கு அடுத்து இருந்தது. கதவில் சிரிக்கும் சூரியன் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். தலைவி பியெதாத் அம்மாள் ஓட்டல் நிர்வாகம் படித்தவர். எங்கள் ஊர் மெதெயீனில் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் எல்லாரையும் டாக்டர் என்றுதான் அழைப்போம். அவரையும் அப்படியே அழைத்தோம்.

என் மனைவி மரியோரிக்கு நுரையீரல் புற்றுநோய். வயது முப்பதைத் தாண்டவில்லை. சிகரெட்டைத் தொட்டதில்லை. பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். அதே பள்ளியில் நான், துவான், வேதியியல். ஆகஸ்டில், பூத் திருவிழா முடிந்த கையோடு முதல் கீமோவுக்குப் போனோம். அறைக்குள் பாண்டு வாத்தியம் கேட்டது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றாள் மரியோரி.

பூத் திருவிழாவில் மலைக்காரர்கள் சில்லெத்தா சுமந்து இறங்குவார்கள். சில்லெத்தா என்பது மரத்தால் ஆன பூச்சட்டம். முதுகில் வாரால் கட்டிக்கொள்வது. சக்கரம்போல விரிந்த பூக்கள், பின்னால் பாசி, பாசிக்குள் ஈரமண். முற்காலத்தில் இதே சட்டத்தில் நோயாளிகளையும் பணக்காரர்களையும் உட்காரவைத்து மலை தாண்டிச் சுமந்திருக்கிறார்கள். அந்த வருடம் பரிசு வாங்கிய சில்லெத்தா ஒன்று மருத்துவமனைக்கு நன்கொடையாக வந்திருந்தது. பியெதாத் அதைக் கீமோ அறையின் நடுவில் நிறுத்தியிருந்தார். துணை ஆயர் தீர்த்தம் தெளித்தார். இயக்குநர் டாக்டர் அரிஸ்திசாபால் பேசினார்.

"புற்றுநோயாளிக்கு என்ன வேணும்? மருந்தா? மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. அதிர்ஷ்டம் இருந்தா இங்கயும் இருக்கும். ஆனா பூ? பூவை எவன் குடுக்கறான்? நாங்க குடுக்கறோம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். கையில் ஊசி ஏறியிருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

பூக்கள் ஒரு வாரம் இருந்தன. பிறகு பூக்கள் என்ன செய்யுமோ அதைச் செய்தன. சில்லெத்தா மட்டும் நகரவில்லை. அதன் காலில் சொத்து எண் ஒட்டியிருந்தது. எண் ஒட்டிய பொருளை எடுக்கக் கழிவுக் குழு கூட வேண்டும். கழிவுக் குழு கூடியபோது, தீர்த்தம் தெளித்த பொருளைக் கழிவு என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆயர் அலுவலகத்தைக் கேட்டார்கள். அருளைக் கொடுப்பது எங்கள் வேலை, திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

எனவே அதைப் பராமரித்தார்கள். இளஞ்சிவப்பு மேலங்கி போட்ட தொண்டுப் பெண்மணிகள் தினம் காலையில் வந்து அதன்மேல் தண்ணீர் தெளித்தார்கள். அக்டோபரில் அது கறுத்தது. நவம்பரில் அதற்குச் சாம்பல் நிறத்தில் முடி முளைத்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் பெரியவர் ஒவிதியோ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் நுரையீரல்தான். அவர்தான் அதற்குப் பெயர் வைத்தார்.

"டாக்டர்."

"எது டாக்டர்?" என்றேன்.

"இதுதான் மகனே. மத்த டாக்டருங்க எட்டிப் பாத்துட்டு ஓடிடறாங்க. இவரு ஒருத்தருதான் நாள் பூரா நம்மகூட நிக்கறாரு. தாடிகூட வளத்துட்டாரு, பாரு."

மரியோரி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை மடித்து என்னிடம் காட்டாமல் பைக்குள் வைத்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். ரத்தம்.

தொற்றுநோய் மருத்துவர் ஸுலே. நிஜமான டாக்டர். மூன்று மருத்துவமனைகளில் வேலை, மோட்டார் சைக்கிளில் அலைபவர். ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டி பெருசாகலை. இது வேற. பூஞ்சை மாதிரி இருக்கு, துவான்."

"பூஞ்சைன்னா? ரொட்டியில வர்றதா?"

"அதோட சொந்தக்காரன். காத்துல எல்லா இடத்துலயும் இருக்கும். நீங்களும் நானும் தினம் மூச்சுல இழுக்கறோம், ஒண்ணும் ஆகாது. கீமோவும் ஸ்டீராய்டும் சேந்து இவங்க உடம்புல காவக்காரங்களைத் தூங்க வெச்சிருக்கு. உள்ள போனது வேர் விடுது." அவர் நிமிர்ந்தார். அறையின் நடுவில் பார்வை நின்றது. "அது என்னது?"

"டாக்டர்," என்றார் ஒவிதியோ.

ஸுலே பக்கத்தில் போனார். தொடவில்லை. திரும்பி வந்து கையைக் கழுவினார்.

"அதுலேருந்துதான் இவங்களுக்கு வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்த அறையில ஒரு சின்னப் பூந்தொட்டிகூட இருக்கக் கூடாது. இது... ஓநாய்க்கு ஆட்டுப்பட்டியில கட்டில் போட்டுக் குடுத்த மாதிரி. இன்னிக்கே எடுக்கணும்."

அன்றைக்கே இயக்குநரைப் பார்க்கப் போனேன். கறுங்காப்பி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் எதையும் மறுப்பதற்கு முன் காப்பி கொடுப்பார்கள்.

"சங்கடமா இருக்கு உங்ககிட்ட சொல்றதுக்கு," என்று ஆரம்பித்தார் டாக்டர் அரிஸ்திசாபால். "நம்ம ஆஸ்பத்திரியில பூஞ்சை கிடையாது."

"டாக்டர் ஸுலே பார்த்தாங்க."

"சின்னப் பொண்ணு. ஆர்வம். நான் சொல்றேன் கேளுங்க. முன்னாடி நாங்களும் பூஞ்சை இருக்கா, பூஞ்சை இருக்கான்னு தேடிக்கிட்டே இருந்தோம். மாசாமாசம் ரெண்டு மூணு பேருக்கு வந்துச்சு. அப்புறம் தேடறதை நிறுத்தினோம். பரிசோதனைக் கருவியையே வித்துட்டோம். அன்னிலேருந்து ஒருத்தருக்குக்கூட இல்லை. இதுக்குப் பேருதான் வருமுன் காக்கும் மருத்துவம்."

"சில்லெத்தாவையாவது எடுத்துடுங்க."

"அதுக்குச் சொத்து எண் இருக்கு. உங்க மனைவிக்கு எண் இருக்கா?"

"படுக்கை எண் இருக்கு."

"அது படுக்கையோட எண்." அவர் சங்கடத்துடன் சிரித்தார். "பாருங்க, நோயாளியை நகத்தறது சுலபம். கையெழுத்து வேணாம். வேணும்னா ஜன்னலோரமா உக்காரச் சொல்லுங்க."

மரியோரியை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். தொண்டுப் பெண்மணி ஒருத்தி, பாவம் ஒதுக்கிவிட்டார்களே என்று சில்லெத்தாவை ஜன்னல் பக்கம் தள்ளிவைத்தாள்.

பூஞ்சைக்கு மருந்து உண்டு. நல்ல மருந்து. சரியான நேரத்தில் கொடுத்தால் பிழைக்கலாம் என்றார் ஸுலே. மருந்துக் குழு கூடியது. பூஞ்சை என்பதற்குப் பரிசோதனைச் சான்று கேட்டது. கருவி இல்லை என்றார் ஸுலே. கருவி ஏன் இல்லை என்று குழு கேட்டது. பூஞ்சை இல்லாததால் என்று பதில் சொன்னார்கள். அப்படியானால் மருந்து எதற்கு என்று கேட்டுவிட்டுக் குழு கலைந்தது.

சளி மாதிரியை வெளியே அனுப்பக் கேட்டேன். வெளியே அனுப்பினால் வெளியே தெரிந்துவிடும் என்றார்கள். எங்கும் ஒளிவுமறைவு இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். இனிமையான குரல்.

"உங்க மனைவி எங்க காப்பீட்டுல இருக்காங்க சார். அவங்க நுரையீரலும் இருக்கு. புற்றுநோயும் இருக்கு. ஆனா பூஞ்சைங்கறது தனி உயிர் சார். அது எங்ககிட்ட பதிவு பண்ணிக்கலை."

"அது அவ நுரையீரலுக்குள்ள இருக்கு."

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு நாங்க பொறுப்பு இல்லை சார். வேற ஏதாவது உதவி வேணுமா? சேவை எப்படி இருந்துச்சுன்னு இணைப்பிலேயே இருந்து சொல்லுங்க."

சொன்னேன். பதிவாகவில்லை என்று இயந்திரம் சொன்னது.

ஸுலே வேறு மருத்துவமனையில் மிச்சமான மாத்திரைகளைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவை இருந்தவரை மரியோரி சோறு கேட்டாள். அரேப்பா ரொட்டி கருகியிருக்கிறது என்று என்னைத் திட்டினாள். மாத்திரை தீர்ந்தது. திட்டுவதும் நின்றது.

"ஒவிதியோ இன்னும் அங்கதானே உக்காந்திருக்காரு?" என்றாள் ஒரு நாள்.

"ஆமா."

"அதுக்குப் பக்கத்துலயா?"

"ஆமா."

"அதை வெளிய தூக்கிப் போடு, துவான். யாரையும் கேக்காத. நீ கேட்டுக்கேட்டே நேரத்தை விட்டுட்ட."

மழை மாதத்தில் போனாள்.

இறப்புச் சான்றில் ஸுலே பூஞ்சை என்று எழுதினார். தட்டச்சாகி வந்தபோது அந்தச் சொல் இல்லை. கேட்டேன். மனிதமய மருத்துவமனை என்ற தேசிய விருதுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, அதில் பூஞ்சை இல்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம், பின்னால் செத்தவர்களுக்காக முன்னால் எழுதியதை மாற்றுவது நாகரிகம் இல்லை என்றார்கள்.

புகார் எழுதினேன். மறுபடி எழுதினேன். தலைநகர் பொகோதாவிலுள்ள அமைச்சகத்துக்கு எழுதினேன். அமைச்சகம் அதை மருத்துவமனைக்கே அனுப்பியது. மருத்துவமனை மனிதமயத் துறைக்கு அனுப்பியது.

ஜூலையில் பியெதாத் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு பொட்டலம் பூவிதையும். துயர ஆறுதல் பை என்று மேலே அச்சிட்டிருந்தது.

"என் தங்கமே! எவ்வளவு இளைச்சுட்டீங்க! உக்காரட்டுமா? உக்காந்துட்டேன். உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்."

"எதுக்கு?"

"எத்தனை கடிதம்! எங்க சரித்திரத்துலயே இவ்வளவு எழுதினவர் நீங்கதான். எல்லாத்தையும் பயனாளர் பங்கேற்புன்னு கணக்குல சேத்தோம். அந்தப் பகுதியில நாட்டுலயே நமக்குத்தான் முதலிடம். விருது கிடைச்சிடுச்சு, என் செல்லமே! உங்களால கிடைச்சது!"

அவர் என் கையைப் பிடித்து ஆறுதல்படுத்தினார்.

"ஆகஸ்டுல விழா. பொகோதாவுலேருந்து விருதுக் குழு வருது. ஒரு உறவினர் சாட்சி பேசணும். நீங்கதான் பொருத்தம். இளம் வயசு, படிச்சவர், பாக்கவும் சோகமா இருக்கீங்க. கொஞ்சம் அழுதா நல்லா இருக்கும். ரொம்ப வேணாம். போன தடவை ஒருத்தர் நிறுத்தாம அழுதுட்டாரு, பலகாரம் ஆறிடுச்சு."

"சில்லெத்தா இன்னும் இருக்கா?"

அவர் முகம் மலர்ந்தது. "இருக்கே! அதோட புதுசு ஒண்ணும் வருது. விழா அன்னிக்கு ஒரு மலைக்காரர் சுமந்துகிட்டு மேடைக்கே வருவாரு. அப்புறம் கீமோ அறையில ரெண்டையும் ஜோடியா வெச்சிடுவோம். தனியா நின்னு அதுவும் எவ்வளவு ஏங்கியிருக்கும்!"

ஒவிதியோவுக்கு இரண்டாம் சுற்று கீமோ அந்த மாதம் தொடங்க இருந்தது.

"வர்றேன்," என்றேன்.

விழா நாளன்று கீமோ அறை பூட்டியிருந்தது. மனிதமய நாளை முன்னிட்டு நோயாளிகள் வர வேண்டாம் என்று கதவில் எழுதியிருந்தது. யாரும் ஒவிதியோவிடம் சொல்லவில்லை. ஒரு மருமகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

"மகனே, என்ன வேஷம் இது?"

நான் முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தேன். தோளில் பெயிண்டர்கள் தரையில் விரிக்கிற பிளாஸ்டிக் சுருள். துப்புரவுப் பெண்ணிடம் சாவி கேட்டேன். எதற்கு என்றாள். சில்லெத்தாவைக் கீழே கொண்டுபோக என்றேன். நூறு தடவை கேட்டும் கிடைக்காத அனுமதியை அவள் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

"நானும் ஒரு கை பிடிக்கிறேன்," என்று எழுந்தார் ஒவிதியோ.

"நீங்க கிட்டயே வரக் கூடாது. கீழ போங்க. வாசலுக்கு வெளிய, காத்தாட நில்லுங்க."

"டாக்டரை எங்க கூட்டிட்டுப் போற?"

"மத்த டாக்டருங்களைப் பாக்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஆவே மரியா! வாசல்ல எதுக்கு நிக்கணும்? அரங்கத்துக்கு வெளிப்பக்கம் கண்ணாடி ஜன்னல் இருக்கு. மூடிதான் இருக்கும். அங்க நின்னு பாக்கறேன்." சிரித்துக்கொண்டே லிஃப்ட்டுக்குப் போனார்.

சில்லெத்தாவை பிளாஸ்டிக்கால் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு தூள்கூட வழியில் சிந்தக் கூடாது. வாரை மாட்டி, எழுந்தேன். கடைசி மாதங்களில் மரியோரியை முதுகில் சுமந்து வீட்டு மாடி ஏறியிருக்கிறேன். அவள் இதைவிட லேசு.

எங்கள் ஊரில் முதுகில் சில்லெத்தாவோடு நடப்பவனை எவரும் நிறுத்துவதில்லை. போலீஸ்காரன் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவான். காவலாளி கதவைத் திறந்து, மார்பில் கைவைத்து நின்றான். அரங்கத்தின் வாசலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் வந்துட்டீங்களே! பரவாயில்ல, டாக்டர் பேச்சை இழுத்துக்கிட்டே போறாரு. போங்க, போங்க!"

பாண்டு வாசிக்கத் தொடங்கியது.

மேடையில் டாக்டர் அரிஸ்திசாபால், பியெதாத், துணை ஆயர். முன்வரிசையில் விருதுக் குழு. ஓரத்தில் ஸுலே, சுவரில் சாய்ந்து. நோயாளிகள் யாரும் இல்லை. ஒரு தடவை எல்லா வரிசைகளையும் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"இதோ வந்துட்டாரு, நம்ம மண்ணோட மைந்தன்!" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "நோயாளிகளுக்கு நாங்க குடுக்கற அன்பு எவ்வளவு கனமானதுன்னு இந்த முதுகு சொல்லும்!"

மேடையேறி பிளாஸ்டிக்கை உருவினேன். விளக்கு வெளிச்சத்தில் முதலில் எவருக்கும் என்னவென்று தெரியவில்லை. புதுவிதக் கலை என்று ஒரு நடுவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

பிறகு அரங்கம் செய்ய வேண்டியதைச் செய்தது. சில்லெத்தாவைக் கண்டால் எங்கள் ஊர் வாய் தானாகத் திறக்கும். சுமப்பவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பூவைக் காட்ட வேண்டும். காட்டும்வரை விடமாட்டார்கள்.

"சுத்து! சுத்து! சுத்து!"

இயக்குநரும் கைதட்டிக்கொண்டே சொன்னார். பியெதாத் துள்ளினார். ஆயர் சொன்னார். முன்வரிசை சொன்னது.

சுற்றினேன்.

ஒரு வருடத்துப் பாசி. ஒரு வருடத்துத் தண்ணீர். சாம்பல் நிறத்தில் எழும்பி, விளக்கில் மெதுவாக மிதந்து, கோட்டுகளின்மேலும் தலைமுடிமேலும் எம்பனாதா பலகாரத் தட்டுகளின்மேலும் இறங்கியது. மறுபக்கம் சுற்றினேன். பாண்டில் டிரம்போன்காரன் மட்டும் இன்னும் வாசித்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவன்.

"என்ன இது? என்ன இது!" இயக்குநர் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார்.

"பூ," என்றேன்.

"ஸுலே! இங்க வாம்மா! இது ஆபத்தா? சொல்லு! நான் முட்டிவலிக்கு ஸ்டீராய்டு சாப்பிடறேன்!"

ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. கடைசி வரிசை திரும்பி நின்று கேட்டது.

ஸுலே சுவரிலிருந்து நகரவில்லை. "பரிசோதனை பண்ணித்தான் சொல்ல முடியும், டாக்டர்."

"பண்ணு!"

"கருவி இல்லை, டாக்டர்."

"அப்போ மருந்தைக் குடு!"

"குழு கூடணும்."

"குழு நான்தாண்டி!" என்று கத்தினார். "கூடிட்டேன்! ஒப்புதல் குடுத்துட்டேன்! என்ன ஏதுன்னு கேக்காம முதல்ல குடு!"

விருதுக் குழுவில் ஒரு பெண்மணி எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "அவ்வளவு சீக்கிரம் கூட முடியுமா?"

எல்லாரும் கதவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆயர் முதலில் வெளியேறினார். அவர் ஸ்டீராய்டு சாப்பிடுவதில்லை. முந்திக்கொள்வது பழக்கம்.

கண்ணாடிக்கு வெளியே ஒவிதியோ தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை.

இயக்குநரின் முட்டிவலி எனக்கு முன்பே தெரியுமா என்று பிறகு போலீஸ் கேட்டது. தெரியாது என்றேன். உண்மை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் சுகாதாரத் துறையின் வெள்ளை உடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அரங்கத்தை மூடி முத்திரை வைத்தார்கள். கீமோ அறையைத் தரையிலிருந்து கூரைவரை கழுவினார்கள். புது சில்லெத்தாவைச் சுமந்து வந்த மலைக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கழிவுக் குழு தொலைபேசியிலேயே கூடியது. இயக்குநர் வேறு மருத்துவமனையில் தனி அறையில் படுத்தார். அங்கே பூ அனுப்பக் கூடாது என்று அவர் வீட்டார் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்கள். அன்று மாலைக்குள் அவர் உடம்பில் மருந்து ஏறியது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்தேன். இன்னும் விசாரிக்கிறேன்.

விருது அவர்களுக்கே கிடைத்தது. நெருக்கடியில் காட்டிய வேகத்துக்காக என்று காரணம் எழுதியிருந்தார்கள். பரிசோதனைக் கருவி மறுபடி வந்தது. முதல் மாதத்திலேயே மூன்று பேருக்குப் பூஞ்சை கண்டுபிடித்தார்கள். மூன்று பேருக்கும் மருந்து கிடைத்தது. புள்ளிவிவரம் கெட்டுவிட்டதாக நிர்வாகத்தில் வருத்தம் இருக்கிறது.

ஒவிதியோவின் இரண்டாம் சுற்றுக்கு நான்தான் கூடப் போகிறேன். அறையில் நாற்காலிகளும் சுவரும் மட்டும்தான். காற்றைச் சலிக்கிற பெட்டி ஒன்று மூலையில் ஓடுகிறது.

"சப்புன்னு இருக்கு," என்பார் அவர், ஆழமாக மூச்சிழுத்து. "இப்படியே இருக்கட்டும் மகனே."

போன வாரம் பியெதாத் அந்த அறைக்கு வந்தார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. கோபம் அவர் துறையைச் சேர்ந்ததல்ல. விழாவுக்கு வந்த பார்வையாளர் எண்ணிக்கையில் என்னையும் சேர்த்திருப்பதாகச் சொன்னார்.

"பூ வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், என் தங்கமே. பாடம் கத்துக்கிட்டோம். இந்தத் தடவை புறா! வெள்ளைப் புறா. சமாதானத்தோட சின்னம். ஒரு பெரிய கூண்டுல, இதோ, இங்கயே நடுவுல. நோயாளிங்க மடியிலகூட வந்து உக்காரும். ஆயரும் சரின்னுட்டாரு."

ஸுலேயிடம் போனில் கேட்டேன். புறா எச்சத்தில் வேறொரு பூஞ்சை வளரும் என்றார். அது நுரையீரலில் தொடங்கி மூளைக்குப் போகும்.

மறுபடி பியெதாத்திடம் போனேன். அவர் கூண்டின் படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

கனம் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.